தேதி இல்லாத காயம்

எங்க ஷூ கம்பெனியில கட்டிங் மெஷின்ல ஒரு தம்பிக்கு ஆள்காட்டி விரல் போச்சு. முழுசா போச்சு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில அதுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆள்காட்டி விரல் முழுசா போனா 14 சதவீதம். நடுவிரல் போனா 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனா 7. கட்டைவிரல் போனா 30. எந்தக் கணுவோட போச்சுன்னு பார்த்து அதுக்குத் தகுந்த மாதிரி சதவீதம் கொறையும். கறிக்கடையில துண்டு போட்டு விலை சொல்ற மாதிரி மனுசன் கைக்கு எழுதி வச்ச விலைப்பட்டியல் அது. அந்தத் தம்பிக்கு 14 சதம் போட்டாங்க. அது நியாயம்தான். கொறைச்சல்னுகூடச் சொல்லலாம்.

எனக்கு அஞ்சு விரலும் இருக்கு. ஆனா வலது கையில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப் போய்க் கெடக்கு. சோத்துப் பானையை எறக்க முடியாது. ஊசியில நூல் கோக்க முடியாது. பஸ்ல டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்தா கீழ விழும், விழுந்ததுகூடத் தெரியாது. இதுக்கு எனக்குக் கெடச்சது ஒரு சதவீதமும் இல்ல. விரல் இல்லாதவனுக்கு 14. விரல் இருந்தும் புடிக்க முடியாதவளுக்கு பூஜ்யம்.

அந்தத் தம்பிக்கும் எனக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஈ.எஸ்.ஐ. ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு நான் பல வருசமா யோசிச்சுக்கினு இருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். அவன் காயத்துக்குத் தேதி இருக்கு. என் காயத்துக்குத் தேதி இல்ல.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழில் நேத்து வந்தது இல்ல. பாலாத்தங்கரை ஓரமா தலைமுறை தலைமுறையா தோல் பதனிட்டுக்கினு வர்றாங்க. செத்த மாட்டைத் தூக்குறதும் தோலை உரிக்கிறதும் எங்க சனங்க தலையில கட்டப்பட்ட வேலை. தோலைத் தொட்டதாலதான் தீட்டுன்னு சொன்ன ஊரு, அதே தோலு பதமாகி ஏற்றுமதியாகிப் பணமா திரும்பி வந்தப்போ தீட்டு பாக்கல. 1970-களில் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புறதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, ஷூவா, செருப்பா செஞ்சு அனுப்பச் சொல்லி ஊக்கம் குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் ஷூ கம்பெனிங்க பெருகுச்சு. எங்க நைனா காலத்துல தோல் ஷாப்புக்கு ஆம்பளைங்க போனாங்க. எங்க காலத்துல ஷூ கம்பெனிக்குப் பொம்பளைங்க போனோம். காலையில சேரி முனையில கம்பெனி பஸ் வந்து நிக்கும். கழனிக் கூலிக்குக் கைகட்டி நின்ன எங்க அம்மாவுக்கு, பொண்ணு அடையாள அட்டை மாட்டிக்கினு பஸ் ஏறிப் போறது பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையை நான் இப்பவும் கொறைச்சுப் பேச மாட்டேன். ஊர்க்காரன் கழனியில இருந்து எங்களை வெளிய கொண்டாந்தது அந்த பஸ்தான்.

2004-ல நான் சேர்ந்தேன். என்னைப் போட்டது ஃபோல்டிங் டேபிள்ல. வேலை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தோலைக் கட்டிங்குல வெட்டுவாங்க. ஸ்கைவிங்குல ஓரத்தைச் சீவி மெலிசாக்குவாங்க. அதுக்கப்புறம் எங்க டேபிளுக்கு வரும். ஓரத்துல சொல்யூஷன் தடவணும். இடது கை விரலால ஓரத்தை உள்பக்கமா மடிக்கணும். வலது கையில சின்னச் சுத்தியால தட்டித் தட்டிப் படிய வைக்கணும். வளைவு வர்ற எடத்துல மடிப்பு விழாம பொடிசு பொடிசா மடிச்சுத் தட்டணும். அதுக்கப்புறம்தான் தையலுக்குப் போகும். மெஷின்லயும் மடிக்கலாம், ஆனா நைசான அயிட்டத்துக்குக் கைதான் வேணும்பாங்க.

எங்க டேபிளுக்கு மணிக்கு 40 ஜோடி டார்கெட். ஜோடிக்கு ரெண்டு அப்பர், ஆக மணிக்கு 80 அப்பர். ஒரு அப்பருக்குக் கொறைஞ்சது 25 தட்டு. மணிக்கு 2,000 தட்டு. எட்டு மணி நேரத்துக்கு 16,000. ஒரு மாசத்துக்கு 26 நாள் வேலைன்னா 4,16,000 தட்டு. ஓவர்டைம் தனி. இதைக் கம்பெனி கணக்கு போடல. கம்பெனி ஜோடியைத்தான் எண்ணும். தட்டை எண்ணுனது நான், அதுவும் பின்னால கோர்ட்டுக்குப் போனப்போதான்.

சேர்ந்த புதுசுல சூப்பர்வைசர் எங்களைப் பாராட்டுவார். “உங்க ஆளுங்க கை உரமான கை. களை புடுங்குன கைக்கு, நாத்து நட்ட கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா” என்பார். நாங்களும் சிரிச்சுக்குவோம். வேலைக்கு எடுக்கும்போது எங்க சாதி உரமான சாதி. கை வலிக்குதுன்னு சொன்ன அன்னிக்கு அதே வாயி, “வேலைக்கு வளையாத சனம், சாக்கு சொல்லுதுங்க” என்றது. ஒழைக்கும்போது ஒடம்பு எங்க சாதியோடது. வலிக்கும்போது பொய்யும் எங்க சாதியோடது. வலிக்கிற ஒரு பொம்பளையா எங்களை யாரும் பாத்ததே இல்ல.

வலி ஒரு நாள்ல வரல. மொதல்ல ராத்திரியில வந்துச்சு. ரெண்டு மணி மூணு மணிக்குக் கை எரிஞ்சு முழிப்பு வரும். எழுந்து ஒக்காந்து கையை உதறினா கொஞ்சம் அடங்கும். சூட்டு ஒடம்புன்னு நெனச்சு எளநீர் குடிச்சேன். எண்ணெய் தேய்ச்சேன். வாயு புடிச்சிருக்குன்னு அம்மா வெந்நீர் ஒத்தடம் குடுத்துச்சு. நாளாக நாளாகப் பகல்லயும் வந்துச்சு. பஸ்ல பக்கத்துல ஒக்காந்த அக்காவும் கையை உதறிக்கினு வந்தாங்க. அவங்க முன்னாடி ஸீட்டுலயும் ஒருத்தி உதறினா. ஒரு நாள் திரும்பிப் பாத்தா பாதி பஸ்ஸு கையை உதறிக்கினு போவுது. வெளியில இருந்து பாக்கிறவங்க, யாருக்கோ டாட்டா காட்டுறாங்கன்னு நெனச்சிருப்பாங்க.

2018-ல சுத்தி கையை விட்டு நழுவி விழ ஆரம்பிச்சப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து நரம்புல கரண்டு வச்சு டெஸ்ட் எடுத்தாங்க. கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம்னு பேர் சொன்னாங்க. பயிற்சியில இருந்த ஒரு சின்னப் பொண்ணு, டாக்டருக்குப் படிக்கிறவ, படம் போட்டு வெளக்குனா. மணிக்கட்டுல எலும்பும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து குகை மாதிரி ஒரு வழி இருக்கு. அந்தக் குகைக்குள்ள விரலை மடக்குற ஒம்பது தசைநாரும் ஒரு நரம்பும் போகுது. ஓயாம ஒரே வேலையைச் செஞ்சா தசைநாருங்க வீங்கும். குகை பெருசாகாது. நடுவுல மாட்டிக்கினு நசுங்குறது நரம்பு. அந்த நரம்பு போற விரலுங்கதான் மரத்துப் போகும். சுண்டுவிரலுக்கு வேற வழியில நரம்பு போறதால அது தப்பிச்சுக்கும். “அக்கா, உங்களுக்குச் சுண்டுவிரல் நல்லா இருக்குதில்ல?” என்று கேட்டா. இருந்துச்சு. அன்னிக்குத்தான் என் வலி பொய் இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது. என் ஒடம்புல ஒரு வரைபடம் இருந்துச்சு, அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தி படிச்சா.

ஆனா சீட்டு எழுதுன பெரிய டாக்டர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி.

“வீட்டுல துணி யார் தொவைக்கிறது?”

“நான்தான் சார்.”

“மாவு அரைக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது?”

“நான்தான்.”

“அதான்மா. பொம்பளைங்களுக்கு இது சாதாரணமா வர்றதுதான். வீட்டு வேலையைக் கொறைச்சுக்க.”

நாளுக்கு 16,000 தட்டு தட்டுனதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை கேக்கல. கேஸ் ஷீட்டுல வீட்டு வேலைன்னு எழுதிட்டாரு. அந்த ரெண்டு வார்த்தை பின்னால எனக்கு எதிரா எத்தனை தடவ படிக்கப்பட்டுச்சுன்னு சொல்ல முடியாது. எங்க ஒழைப்புக்குக் கம்பெனியில பேர் இருக்கு, சம்பளம் இருக்கு. வீட்டுல பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. ஆனா நோயிக்குப் பொறுப்பு ஏத்துக்கச் சொன்னா மட்டும் வீட்டு வேலை மொத ஆளா வந்து நிக்குது.

இங்க சட்டத்தைக் கொஞ்சம் சொல்லணும். படிக்கிற தோழர்கள் பொறுத்துக்கணும். எங்களுக்குப் பொறுத்துத்தான் புரிஞ்சுது.

1948-ஆம் வருச ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று நோய். மற்றொன்று வேலையால் வந்த காயம். நோய் என்றால் சராசரிக் கூலியில் 70 சதவீதம். அதுவும் வருசத்துக்கு 91 நாள்தான். வேலையால் வந்த காயம் என்றால் 90 சதவீதம். வேலைக்குப் போக முடியாத நாள் வரைக்கும். அந்தக் காயம் நிரந்தரமாக முடக்கினால், சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதம் போச்சோ அந்த விகிதத்தில் சாகும் வரைக்கும் மாசாமாசம் பணம். என் தினக்கூலி 340 ரூபா. நோய்னா 238 ரூபா. காயம்னா 306 ரூபா. எனக்கு 10 சதவீதம் ஊனம்னு முடிவாகியிருந்தா, நாளுக்கு 30 ரூபா 60 காசு ஆயுசுக்கும் வரும். அந்த 30 ரூபா 60 காசுக்காகத்தான் இத்தனை வருச சண்டை. பெரிய மனுசங்களுக்கு இது சிரிப்பா இருக்கலாம். எனக்கு அது அரிசி. அதை விட, இந்தக் கை வேலையாலதான் போச்சுன்னு ஒரு அரசாங்கக் காகிதம் சொல்லணும். அதுக்காகவும்தான்.

வேலையால் வந்த காயம் என்ற வாசலுக்குள் நுழைய இரண்டு சாவிகள். ஒன்று, விபத்து நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால், மூன்றாவது அட்டவணையில் பேர் உள்ள தொழில்நோயாக இருக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத நோய்க்கு, குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது என்று நிரூபித்தால் ஒழிய ஒன்றும் கிடையாது என்று 52-ஏ பிரிவு சொன்னது. சரி, 1923-ஆம் வருச நஷ்டஈட்டுச் சட்டத்தில் போய்க் கேட்கலாமே என்றால், அந்த வழியை 53-ஆம் பிரிவு அடைத்து வைத்திருந்தது. ஈ.எஸ்.ஐ.-யில் இருக்கும் தொழிலாளி முதலாளியிடம் அந்தச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது.

அட்டவணையை வக்கீல் எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. ஈயம், பாதரசம், ஆர்சனிக், பென்சீன், இரைச்சலால் காது கேட்காமல் போவது, சிலிக்கா தூசி, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருந்துச்சு. குரோமியத்தால் வரும் நோய்னு ஒரு வரி வந்தப்போ நான் நிறுத்தச் சொன்னேன். குரோமியம்னா தோல் ஷாப்பு. எங்க நைனா இருபது வருசத்துக்கு மேல வெறுங்கையோட குரோம் தண்ணியில தோலைப் புரட்டுனவரு. கையெல்லாம் ஓட்டை ஓட்டையா புண்ணு. ஆறவே ஆறாது. அந்தப் புண்ணோட சோத்தைப் பெசைய முடியாம கரண்டியில சாப்புட்டவரு. அவருக்கு ஒரு பைசா வரல. ஏன்னா அவரு மேஸ்திரி கீழ கூலி. கம்பெனி ரிஜிஸ்டர்ல அவரு பேரே இல்ல.

எங்க நைனா நோய் அட்டவணையில இருந்துச்சு, நைனா பேரு ரிஜிஸ்டர்ல இல்ல. எம் பேரு ரிஜிஸ்டர்ல இருந்துச்சு, என் நோய் அட்டவணையில இல்ல. ஒரு தலைமுறை தாண்டி வந்தோம். எழுதுன எடம்தான் மாறுச்சு.

அட்டவணை வழி அடைஞ்சதால விபத்து வழிதான் பாக்கி. விபத்து அறிக்கையில முதல் கேள்வியே தேதி, நேரம், எடம். என்ன எழுதறது? 2004-ல சேர்ந்த நாள்ல இருந்து 2018 வரைக்கும்னு எழுதவா? கம்பெனி அறிக்கை குடுக்க மாட்டேன்னுடுச்சு. விபத்தே நடக்கல, விபத்துப் பதிவேட்டுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் நோய் வாசல்லயே என்னை நிறுத்துச்சு. 91 நாள் முடிஞ்சதும் கம்பெனிக்குப் போனேன். சுத்தி புடிக்க முடியலன்னா வேற வேலை இல்லன்னாங்க. ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டாங்க. சொந்த விருப்பத்துல வேலையை விட்டு நிக்கிறேன்னு எழுதியிருந்துச்சு. நான் போடல. மறுநாள்ல இருந்து பஸ்ல ஏத்தல.

2019-ல தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துல மனு போட்டோம். நடுவுல கொரோனா வந்து ரெண்டு வருசம் வாய்தாவாவே போச்சு. கூண்டுல ஏறுன அன்னிக்கு நடந்ததை மட்டும் சொல்றேன்.

கம்பெனி வக்கீல் மரியாதையாத்தான் கேட்டாரு.

“உங்க அம்மா பீடி சுத்துவாங்களா?”

“சுத்துவாங்க.”

“நீங்க?”

“சின்ன வயசுல சுத்தியிருக்கேன்.”

“எத்தனை வயசுல?”

“பத்து வயசு இருக்கும். ஸ்கூல் விட்டு வந்து இலை வெட்டுவேன், நூல் கட்டுவேன்.”

“ஆக, கம்பெனியில சேர்றதுக்கு முன்னாலேயே விரலுக்கு ஓயாத வேலை இருந்திருக்கு. குறிச்சுக்குங்க.”

குறிச்சுக்கிட்டாங்க. பத்து வயசுப் புள்ளை பீடிக்கு எலை வெட்டுனதை யாரும் குத்தமா குறிக்கல. அந்தக் குத்தத்தையும் என் நோயிக்குக் காரணமா, கம்பெனிக்கு விடுதலையா குறிச்சாங்க. எங்க வாழ்க்கை பூராவும் கஷ்டம்கிறதே எங்களுக்கு எதிரான சாட்சி. சொகுசா பொறந்து சொகுசா வளந்தவளா இருந்து, நேரா ஃபோல்டிங் டேபிளுக்கு வந்திருந்தா என் வழக்கு பலமா இருந்திருக்கும் போல. ஆனா சொகுசா வளந்தவ அந்த டேபிளுக்கு எதுக்கு வர்றா?

எங்க வக்கீல் நல்லா வாதாடுனாரு. 1921-ல இங்கிலாந்து பிரபுக்கள் சபை தீர்ப்பு ஒண்ணு காட்டுனாரு. வேலையில தொடர்ந்து கையில சின்னச் சின்ன வெட்டு, கீறல் பட்ட ஒரு பெண் தொழிலாளி. எந்தக் கீறல்னு தனியா காட்ட முடியல. ஆனா ஒவ்வொரு கீறலும் ஒரு விபத்துதான், எல்லாம் சேர்ந்து நோயாச்சு, நஷ்டஈடு உண்டுன்னு தீர்ப்பு. அப்படின்னா ஒவ்வொரு தட்டும் ஒரு சின்னக் காயம்தானேன்னு கேட்டாரு. அவங்க தரப்பு அதே சபையோட 1948 தீர்ப்பைக் காட்டுச்சு. அது ஸ்லேட் குவாரித் தொழிலாளி வழக்கு. மூச்சு மூச்சா தூசி போய் நுரையீரல் கெட்டது படிப்படியா நடந்த ஒண்ணு, அது விபத்து இல்லன்னு சொன்ன தீர்ப்பு. 2023-ல எங்க வழக்குல வந்த தீர்ப்பு அந்த வழியிலயே போச்சு. மனுதாரருக்கு நோய் இருக்கு, ஆனா விபத்து நிரூபிக்கப்படல, நோய் அட்டவணையிலயும் இல்லன்னு தள்ளுபடி. மேல்முறையீடு போட்டிருக்கோம்.

மெதுவா நடக்கிற கேடு கேடே இல்லன்னு சட்டத்துக்குத் தெரியாமலா இருக்கு? எங்க பாலாத்தையே எடுத்துக்குங்க. ஆத்துல விஷம் ஒரே நாள்ல கலக்கல. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த ஷாப்புத் தண்ணின்னு யாராலயும் சொல்ல முடியாது. வருசக்கணக்கா சொட்டுச் சொட்டா எறங்கி, கெணறு கெட்டு, கழனி கெட்டுச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. மாசுபடுத்துனவன்தான் காசு குடுக்கணும்னு சொல்லுச்சு. தோல் ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொல்லுச்சு. மாசு பண்ணலன்னு நிரூபிக்கிற பொறுப்பையும் தொழில் நடத்துறவன் தலையிலயே வச்சுது. அந்தத் தீர்ப்பு வந்தப்போ எங்க மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேரு. அப்புறம் அந்தப் பேரையும் எடுத்துட்டாங்க.

அதே தொழில். அதே முதலாளிங்க வர்க்கம். ஆத்துக்குத் தேதி கேக்காத சட்டம் என் கைக்கு மட்டும் ஏன் தேதி கேக்குது? ஆறு கெட்டா கழனி வச்சிருக்கிறவனுக்கும் நட்டம். அதனால ஊரே ஒண்ணு சேந்து கேட்டுச்சு. கை கெட்டா சேரிக்காரிக்கு மட்டும்தான் நட்டம்.

கை நோயே ஒலகத்துக்குத் தெரியாததும் இல்ல. தந்தி அடிக்கிற ஊழியருங்களுக்குக் கையில வர்ற இசிவை இங்கிலாந்துல 1908-லயே நஷ்டஈட்டுப் பட்டியல்ல சேத்துட்டாங்க. 2010-ல திருத்தப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட தொழில்நோய்ப் பட்டியல்ல எனக்கு வந்த நோய் பேரோடவே இருக்கு. நம்ம நாட்டுல 2025 நவம்பர் 21-ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டாந்துச்சு. 1923 சட்டமும் 1948 சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. புதுசுல இருக்கும்னு ஆசையா பாத்தோம். சட்டத்துக்கு அட்டை புதுசு. அட்டவணையில கையைக் காணோம்.

நம்ம பக்கத்தையும் பேசாம விட்டா இதை எழுதி அர்த்தம் இல்ல. சங்கத்துத் தோழருங்க எனக்கு வக்கீல் புடிச்சுக் குடுத்தாங்க. அதை மறக்க மாட்டேன். ஆனா கோரிக்கைப் பட்டியல்ல கை நோயைச் சேக்கச் சொன்னா, “மொதல்ல சம்பளம், போனஸ், அப்புறம் இதைப் பாக்கலாம் தங்கச்சி” என்றாங்க. டேபிள்ல ஒக்காந்தவங்க அத்தனை பேரும் பொம்பளைங்க, சங்க மேடையில ஒக்காந்தவங்க எல்லாம் ஆம்பளைங்க. நம்ம இயக்கத்துக்காரங்ககிட்டப் போனேன். அவங்களும் அன்பாத்தான் கேட்டாங்க. “யாராவது சாதி பேர் சொல்லித் திட்டுனாங்களாக்கா? எந்தத் தேதி? சாட்சி இருக்குதா? வன்கொடுமைச் சட்டத்துல போடலாம்.” அவங்களும் தேதிதான் கேட்டாங்க.

நான் கொறை சொல்ல இதைச் சொல்லல. குடிசையைக் கொளுத்துனா நாம போறோம். வெட்டிப் போட்டா போறோம். போகத்தான் வேணும். ஆனா சாதி எல்லா நாளும் அருவாளோட வர்றது இல்ல. எந்த டேபிள்ல யாரை ஒக்கார வைக்கிறது, யாரு கையை உரமான கைன்னு சொல்றது, யாரு வலியை சாக்குன்னு சொல்றதுங்கிறதுல எல்லாம் தினம் வந்துக்கினுதான் இருக்கு. ஒரு தட்டுல ஒண்ணும் தெரியாது. பதினாலு வருசத்துல கை போயிடும்.

இந்த ஈ.எஸ்.ஐ. எங்களுக்கு யாரோ போட்ட பிச்சையும் இல்ல. 1942-ல இருந்து 1946 வரைக்கும் பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில தொழிலாளர் துறை உறுப்பினரா இருந்தாரு. அந்தக் காலத்திலதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் போட 1943-ல அடார்கரை நியமிச்சாங்க. 1944-ல அவரு அறிக்கை குடுத்தாரு. 1948 சட்டம் அதுல இருந்து எழுந்தது. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளிக்கு ரெண்டு எதிரிங்கன்னு 1938-ல மன்மாட்ல ரயில்வேயில வேலை செஞ்ச நம்ம சனங்க மத்தியில பேசுனதும் அவருதான். ரெண்டையும் ஒரே பேச்சுல வச்சவரு பேரைச் சொல்லிக்கினு, நாம ஒண்ணை சங்கத்துக்கும் இன்னொண்ணை இயக்கத்துக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம்.

தேதி வேணும்னு கேக்கிறாங்களே, சரி, தேதி குடுப்போம்னு முடிவு பண்ணோம். மேல்முறையீடு போட்டதுக்கப்புறம் எங்க சேரியிலயும் பக்கத்து ரெண்டு காலனியிலயும் ஷூ கம்பெனிக்குப் போற பொம்பளைங்க 23 பேர் ஆளுக்கொரு நோட்டு வச்சிருக்கோம். தினமும் எழுதறது. இன்னிக்கு எந்த டேபிள், டார்கெட் எத்தனை, எத்தனை ஜோடி முடிச்சது, ஓவர்டைம் எவ்வளவு, எந்த விரல் மரத்துச்சு, எத்தனை மணிக்குச் சுத்தி விழுந்துச்சு, சூப்பர்வைசர்கிட்டச் சொன்னப்போ என்ன பதில் வந்துச்சு. பேனா புடிக்க முடியாதவங்க சொல்லுவாங்க, அவங்க வீட்டுப் புள்ளைங்க எழுதும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான், நான் சொல்ல எம் பொண்ணு எழுதுனது. சுத்தி நழுவி விழுந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டுல வேலையைப் பத்தி எழுதச் சொல்லிக் கேக்கிறோம். எழுத மாட்டேன்னா, எழுத மாட்டேன்னு சொன்ன தேதியையும் நோட்டுல எழுதறோம். போன மாசம் ஒரு டாக்டரம்மா வேலையைக் கேட்டு, தட்டுக் கணக்கைக் கேட்டு, சீட்டுலயும் எழுதுனாங்க. பொண்ணுங்க அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துச் சேரி பூரா காட்டுனாங்க.

படிக்கிறவங்ககிட்டக் கேக்கறது மூணு. சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க, அட்டவணையில ஒரு நோயைச் சேக்கறதுக்குச் சட்டத்தையே மாத்த வேண்டியதில்ல, அரசு அறிவிப்பே போதும்கிறதை எடுத்து மனுவா எழுதிக் குடுங்க. மருத்துவம் படிக்கிறவங்க, கை மரத்துப் போச்சுன்னு ஒரு பொம்பளை வந்தா வீட்டு வேலையைக் கேக்கறதுக்கு முன்னாடி அவ கூலி வேலையைக் கேளுங்க, கேட்டதை எழுதுங்க. சங்கத்துலயும் இயக்கத்துலயும் இருக்கிறவங்க, ஞாயித்துக்கிழமையில எங்க காலனிக்கு வாங்க. நோட்டு நெறைய இருக்கு. எழுதறதுக்குத்தான் கை போதல.